மடிப்பில் எடுத்த அளவு

எங்கள் யூனிட்டில் ஆயுதபூஜைக்கு ஒரு விதி உண்டு. ஓடுகிற இயந்திரத்துக்குத்தான் பொட்டு. திருப்பூர் வீரபாண்டியில் அப்பா நடத்தும் நிட்டிங் யூனிட் சிறியது. நான்கு பின்னல் இயந்திரங்கள், துணி ரோல்களை நிறுக்க ஓர் எடை மேடை, கணக்கு மேசை, அவ்வளவுதான். பூஜையன்று காலை ஒவ்வோர் இயந்திரத்தையும் துடைத்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுப்பார். ஓர் ஆண்டு எடை மேடையின் எண்கள் நிலைகொள்ளாமல் நடுங்கின என்பதற்காக அதைக் கடந்து போய்விட்டார். “நின்னு போனதுக்குப் பொட்டு வெச்சா, நிக்கறதே வேலைன்னு நெனச்சுக்கும்” என்பது அப்பாவின் வாதம்.

அந்த விதியின்படி மூன்று பூஜைகளாகப் பொட்டில்லாமல் நின்ற பொருள் ஒன்று எங்கள் யூனிட்டின் மூலையில், பழைய துணியால் போர்த்தப்பட்டு இருந்தது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி அது. அம்மா ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இருபது ஆண்டுகளாகப் பேட்டர்ன் மாஸ்டர். பனியன்களுக்கும் சட்டைகளுக்கும் காகிதத்தில் அளவு வெட்டித் தருபவர். அந்த நிறுவனத்தின் முகப்பில் முன்பு புல்தரை இருந்தது. அதற்காகக் கடல் தாண்டி வந்த வண்டி, புல்தரையின் மீது கார்கள் நிற்கத் தளக்கல் பதித்ததும் வேலை இழந்தது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை அம்மா கேட்டு வாங்கினார். கேட்கச் சொன்னவர் அப்பா.

அப்பாவுக்குப் புல் வெட்டும் எண்ணம் துளியும் இல்லை. அந்த வண்டியின் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் கொண்டு, குன்னத்தூரில் பெரியப்பாவின் தோட்டத்தில் நின்ற பழைய டிராக்டரைப் பாதி அளவில் அச்சாகச் செய்துவிட வேண்டும் என்பதே அவர் திட்டம். எந்த இயந்திரத்தையும் அது எழுப்பும் ஒலியை வைத்தே மதிப்பவர் அப்பா; அந்த ஒன்றை மட்டும் அதன் முகத்துக்காக மதித்தார். சிவப்பு நிறம், முன்னால் சரிந்து இறங்கும் உருண்டை மூக்கு, பானெட்டின் நடுவே மூக்குவரை ஓடும் மெல்லிய மேடு, பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய். அதைவிட வசதியான டிராக்டர்கள் ஆயிரம் வந்துவிட்டன, அதைவிட அழகானது ஒன்றும் வரவில்லை என்று அவர் சொல்லும்போது, குரலில் ஏக்கம் இருக்காது. தரம் பார்த்துச் சொல்பவரின் உறுதி இருக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகள் எஞ்சினுக்கே சரியாகப் போயின. மூன்றாம் ஆண்டில் அது ஓடத் தொடங்கியது. அப்பா அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கினார். புல்வெட்டியின் சிறிய பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பவர் டில்லரின் சக்கரங்களைப் பூட்டினார். பாதி அளவு என்பதை முடிவு செய்தவை அந்தச் சக்கரங்கள்தாம்: பெரியப்பாவின் டிராக்டருடைய பின்சக்கரத்தின் உயரத்தில் அவை சரிபாதி இருந்தன. சக்கரம் பெரிதானால் வேகம் கூடி இழுவை குறையும் என்று பெல்ட் ஓடும் புல்லியையும் மாற்றினார். ஆனால் உடம்பு இல்லை. ஓடும் எலும்புக்கூட்டை எப்படி வண்டி என்பது என்று சொல்லி, மூன்றாம் பூஜையிலும் அவரே அதைத் தள்ளி வைத்தார்.

இந்த ஆண்டு தள்ளி வைக்க இடமில்லை. பூஜை முடிந்ததும் ஐந்தாவது பின்னல் இயந்திரம் வருவதாக இருந்தது. அதை நிறுத்த அந்த மூலை ஒன்றே மிச்சம். அம்மா சுருக்கமாகச் சொன்னார்.

“இந்தப் பூஜைக்குப் பொட்டு வாங்குச்சுன்னா வெளிய நின்னு வேலை செய்யட்டும்ங்க. இல்லீன்னா காயலாங்கடைக்குப் போகட்டும்.”

அப்பா மறுக்கவில்லை. அதோடு நில்லாமல், பூஜையன்று எட்டுத் துணி ரோல்களை ஏற்றிய டிரெய்லரை அந்தச் சின்ன டிராக்டர் யூனிட்டின் வெளி கேட்டுக்கு ஏறும் சரிவின் மேல்வரை இழுத்துப் போகும் என்று தொலைபேசியில் பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டார். பெரியப்பாவிடம் ஒன்றைச் சொல்வது குன்னத்தூர் முழுவதற்கும் சொல்வதுதான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மூவரும் குன்னத்தூருக்கு அளவெடுக்கப் போனோம். அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு இருந்தது. புதிய டிராக்டர் வாங்கியிருந்த பெரியப்பா பழையதைத் தாராபுரம் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்; திங்கட்கிழமை காலை லாரி வரும்.

அப்பா வண்டிக்கு அடியில் புகுந்தார். அம்மா கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு பானெட்டின் அருகே போனார். நான் புதிய கோடு போட்ட நோட்டைத் திறந்தேன். தமிழ் இலக்கியம் படிக்கும் எனக்குச் சுத்தப்படி எழுதுவதில் ஒரு பெருமை உண்டு. அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் ஒன்றைப் பார்த்தால் மனம் நிமிரும். உறுப்பின் பெயர், அளவு, அளந்தவர் என்று மூன்று பத்திகள் போட்டேன். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார்: பானெட் நீளம் நாற்பத்தெட்டு, பானெட் அகலம் பன்னிரண்டு, முகப்பில் காற்றுப் புகும் முன்வலையின் அகலம் எட்டேகால். பனியன் அளக்கும் அதே வேகம், அதே சலனமற்ற குரல். டேப்பின் முனையை ஒவ்வொரு முறையும் நடுமேட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகவே இறக்கினார். மறுபக்கம் சுவரை ஒட்டி நின்றதால், அதில் எனக்கு வியப்பேதும் தோன்றவில்லை.

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார்.

“ஏன்டா தம்பி, இதுல என்னத்தக் கட்டி உழுவ? ஆட்டுக்குட்டியவா, கோழிக்குஞ்சவா?”

“பூஜையன்னைக்கு வந்து பாருங்கண்ணா” என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

புறப்படும் முன் கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்தேன். டிராக்டர் முகம் காட்டி நிற்கிறது. அம்மா அதன் பக்கத்தில் நின்று, கடைசி அளவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். படம் எடுப்பதை அவர் கவனிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் சுத்தப்படி எழுதினேன். எல்லா அளவையும் பாதியாக்கி நான்காம் பத்தியில் எழுதச் சொன்னார் அப்பா. எழுதிக்கொண்டே வந்தபோது அம்மா குறுக்கிட்டார்.

“எல்லாத்தையும் பாதியாக்கிப் போட்டா, உக்கார்ற ஆளையும் பாதியாக்க முடியுமாங்க?”

அவர் தொழிலில் அது பாலபாடம். உடுப்பின் சைஸ் ஏறும்போது மார்பு ஏறும் அளவுக்குக் கழுத்து ஏறாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பெருக்கினால் பெரிய சைஸ் சட்டை தோளிலிருந்து வழிந்துவிடும். அதனால் இருக்கையும் ஸ்டியரிங்கும் மிதியின் தூரமும் அப்பாவின் உடம்புக்கு அளந்தவை. மற்றவை டிராக்டரின் பாதி. அந்த மூன்று வரிகளை மட்டும் நீல மையில் எழுதினேன். நாற்பத்துமூன்று அளவுகள், ஓர் அடித்தல் இல்லை. அந்த நோட்டைத்தான் தகர வேலை செய்யும் அண்ணாச்சியிடம் கொடுத்தோம்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, எங்கள் யூனிட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை போட்டிருப்பவர். வேன்களின் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் அன்றாட வேலை. டிராக்டரின் உடம்பை அவர் ஆசையோடு எடுத்துக்கொண்டார். பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை மதியம், செய்து முடித்த தகரங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஒன்றுக்காகத் திருப்பூருக்கு வந்திருந்த பெரியப்பாவும் அப்போது யூனிட்டில் இருந்தார்.

மட்கார்டுகள் இரண்டும் பொருந்தின. அவற்றின் வளைவில் அப்பா இருமுறை கையோட்டிப் பார்த்தார். பிறகு பானெட்டைத் தூக்கி எஞ்சினின் மேல் வைத்தார்கள். அது உட்காரவில்லை. ஆறு அங்குல அகலத் தகரம், பதினோரு அங்குல எஞ்சினின் தலைமேல் தொப்பிபோல் நின்றது. முன்வலையை வைத்துப் பார்த்தபோது டிராக்டருக்கு முகமே இல்லாமல் போயிருந்தது. ஒரு தபால்பெட்டியின் வாய் அளவுக்கு ஏதோ இருந்தது.

பெரியப்பா சுற்றி வந்து பார்த்தார்.

“ஏன்டா, இதுக்குச் சோறு தண்ணி ஏதாச்சும் காட்டினயா? கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருக்குது.”

இயந்திரக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

“பிள்ளை எழுதித் தந்த அளவுதாம்” என்று அண்ணாச்சி நோட்டை நீட்டினார். “நான் அரை நூல்கூட மாத்தல, பாத்துக்கிடுங்க.”

டேப்பை வைத்து அளந்து பார்த்தார்கள். பானெட் அகலம் ஆறு. நோட்டில் ஆறு. பன்னிரண்டில் பாதி ஆறு. எங்கும் பிழையில்லை. அப்பா டேப்பை எஞ்சினின் குறுக்கே வைத்துப் பார்த்தார். பிறகு, எஞ்சின் பருமனாக இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு அந்த முகத்தைச் செய்ய முடியாது, தனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்றார். பழைய துணியை எடுத்து வண்டியை மறுபடி போர்த்தினார். திங்கட்கிழமை காயலாங்கடைக்காரருக்குச் சொல்லியனுப்பலாம் என்று அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாளவில்லை. நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

சுவடியிலிருந்து நூலாக்கியவர்கள் செய்த வேலையை எங்களுக்கு ஒரு பருவம் முழுவதும் பாடமாக வைத்திருந்தார்கள். படியெடுத்தவர் எண்ணத்தில் இருந்ததை எழுதினாரா, கண்ணில் பட்டதை எழுதினாரா என்று ஐயப்படப் பழகியிருந்தேன். அந்த ஐயத்தை என் கையெழுத்தின்மீது திருப்பியதில்லை. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் அமர்ந்து நாற்பத்துமூன்று வரிகளையும் மெதுவாகப் படித்தேன். இரண்டாம் வரியில் நின்றேன். பானெட் நாற்பத்தெட்டு அங்குல நீளம், பன்னிரண்டு அங்குல அகலம். அப்படியானால் நீளம் அகலத்தின் நான்கு மடங்கு. நான் பார்த்த டிராக்டர் அப்படி ஒல்லியாக இல்லை.

கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன். அம்மாவின் கட்டைவிரல் பானெட்டின் நடுமேட்டில் இருந்தது. விரலுக்கு அடியில் டேப்பின் பித்தளை முனை. அங்கிருந்து டேப் ஒரு பக்க ஓரம்வரை இறங்கியிருந்தது. மறு பாதியில் எதுவும் இல்லை. வெறும் சிவப்பு.

நூலகத்துக்கு வெளியே வந்தேன். பிறகு அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், இன்று காயலாங்கடைக்காரரை வரவிட வேண்டாம் என்று. காரணத்தை வீட்டுக்கு வந்து சொல்வதாகச் சொன்னேன். நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அதனாலோ என்னவோ, அப்பா உடனே சரி என்றார்.

மாலையில் அம்மா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“அம்மா, இந்தப் பன்னெண்டு எங்கிருந்து எதுவரைக்கும்?”

“நடுவுலிருந்து ஓரம் வரைக்கும் கண்ணு. மடிப்புல எடுத்தது.”

“முழு அகலம் எடுக்கலீங்களா?”

“எதுக்கு எடுக்கோணும்? ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே.”

சொல்லி முடித்த பிறகு அவருக்கே புரிந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டார்.

உடுப்பின் முன்பாகத்துக்குப் பேட்டர்ன் வெட்டுபவர்கள் முழு முன்பாகத்தை வரைவதில்லை. துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் பாதிக் காகிதத்தை வைத்து வெட்டுவார்கள்; விரித்தால் முழுதாக வரும். இருபது ஆண்டுகளாக அம்மாவின் கைக்கு உலகத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் எல்லாமே மடிப்பிலிருந்து தொடங்கும். டிராக்டரையும் அவர் அப்படித்தான் அளந்தார். நான் எழுதினேன், பாதியாக்கினேன். அண்ணாச்சி அதைச் செய்தார்.

“அப்ப நாம செஞ்சது அரை டிராக்டர் இல்ல” என்றார் வாசலில் நின்ற அப்பா. “கால் டிராக்டரு.”

இரண்டு நாளாக இறுகியிருந்த அவர் முகம் உடைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். எனக்கு ஏனோ கண் கலங்கியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எல்லா அளவும் மடிப்பில் எடுத்தவை அல்ல. நீளங்கள் முழுமையானவை, மட்கார்டு தனித்தனித் துண்டு என்பதால் அதுவும் முழுமை. எவை பாதி, எவை முழுமை என்று சரிபார்க்க டிராக்டர் இல்லை. அது தாராபுரம் பக்கம் எந்தத் தோட்டத்தில் நிற்கிறதோ. அம்மா சிவப்புப் பென்சிலை எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஓரிடத்திலும் நிற்காமல், பத்தொன்பது அளவுகளுக்கு எதிரே, மடிப்பு என்பதற்கு, ‘ம’ என்று எழுதினார். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரே ஒரு நாள் தொட்ட இரும்பு. எந்த அளவுக்கு விரலை எங்கே ஊன்றினோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வாழ்நாளில் எத்தனையோ உரையாசிரியர்களைப் படிக்கக்கூடும். அவ்வளவு ஐயமற்ற உரை ஒன்றைப் படிப்பேனா என்று தெரியவில்லை.

அதன் பிறகு அம்மா எண்களை நம்பவில்லை. பழுப்புக் காகிதத்தை மேசையில் விரித்து, மடித்து, மடிப்பின் மேல் பாதிப் பானெட்டை வரைந்து வெட்டினார். விரித்தபோது அந்த உருண்டை மூக்கு காகிதத்தில் முழுதாக வந்துவிட்டது. அதை எஞ்சினின் மேல் போர்த்திப் பார்த்தோம். இரு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அண்ணாச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“எக்கா, டிராக்டருக்குச் சட்டையா தைக்கிய?”

“தைச்சுத் தர்றது நீங்கதானுங்க அண்ணாச்சி. கை தூக்கறதுக்கு மட்டும் இடம் விட்டிருங்க” என்றார் அம்மா. பானெட்டைத் தூக்கித் திறப்பதற்கான கீல் வைக்கும் இடத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

அண்ணாச்சி புதிய தகரம் வாங்கி ஒன்பது நாளில் முடித்தார். சிவப்புப் பூச்சு காய்வதற்குள் பூஜை வந்துவிட்டது.

அன்று காலை யூனிட்டின் முற்றத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தோம். நான்கு இயந்திரங்களும் ஓடி நின்றன. அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் ஏறின. எடை மேடையும் இந்த ஆண்டு பொட்டு வாங்கியது. அம்மா கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். பெரியப்பா நாற்காலியை முற்றத்துக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்.

அப்பா டிரெய்லரில் எட்டு ரோல்களை ஏற்றி, தாமே எண்ணிக் காட்டிவிட்டு, இருக்கையில் அமர்ந்தார். அந்த இருக்கை அவர் உடம்புக்கு அளந்தது. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. எஞ்சின் பிடித்தது. முற்றத்தைக் கடந்து, கேட்டின் சரிவில் முன்சக்கரம் ஏறியது. பாதிச் சரிவில் நின்றுவிட்டது. கழுவிய ஈரம் சிமெண்டில் திட்டுத் திட்டாகக் காயாமல் இருந்தது. பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. பெரியப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

அப்பா மிதியை மேலும் அழுத்தவில்லை. அழுத்தத்தைக் குறைத்து, வண்டியை ஒரு முழம் பின்னால் வரவிட்டார். டயரின் பற்கள் உலர்ந்த சிமெண்டைத் தேடிப் பிடித்ததை நான் பார்த்தேன். பிறகு மெதுவாக, ஒரே சீராக, எட்டு ரோல்களோடு அது மேலே ஏறியது. கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றபோது, சிவப்பு மூக்கில் வெயில் பட்டது. அதே முகம். பாதி உயரத்தில், குன்னத்தூரில் நான் பார்த்த அதே முகம்.

பெரியப்பா எழுந்துபோய் அதன் முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். பானெட்டின் நடுமேட்டில் உள்ளங்கையை வைத்தார்.

“தம்பி, நான் ஒருக்கா ஏறி ஓட்டட்டுமா?” என்றார். கேலி இல்லாத குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“பொட்டு வெச்சறட்டும்ங்கண்ணா” என்றார் அப்பா.

அம்மா கிண்ணத்தோடு சரிவில் ஏறிப் போனார். சந்தனத்தை எடுத்து, பானெட்டின் நடுமேட்டில், டேப்பின் முனையைப் பிடித்திருந்த அதே இடத்தில் கட்டைவிரலால் வைத்தார். அதன் மேல் குங்குமம். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து, தைத்து முடித்த உடுப்பை மாட்டிப் பார்ப்பதுபோல் இரு பக்கமும் ஒருமுறை பார்த்தார். பெருமையை வாயால் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அந்தப் பார்வையில் இருந்ததை நான் பெருமை என்றே எழுதுகிறேன்.

அன்றைக்குச் சரஸ்வதி பூஜையும் என்பதால், என் பாடப்புத்தகங்களைக் கணக்கு மேசையில் அடுக்கியிருந்தேன். அளவு நோட்டை அவற்றுக்கு அடியில் வைத்திருந்தேன். திரும்பி வந்த அம்மா அதை உருவி மேலே வைத்து, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

“இதுக்கும் வெச்சுடு கண்ணு.”

“இதுல தப்பு இருக்குதுங்களே அம்மா.”

“திருத்தியாச்சில்ல? ஓடுதில்ல?”

வெளியே பெரியப்பா எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அட்டையின் நடுவைக் கண்ணால் அளந்து பொட்டு வைத்தேன். சற்றே இடப்பக்கம் விலகிவிட்டது. அழித்து மறுபடி வைக்கவில்லை.